லாரிக்கு அடியில் ஒரு வரலாறு



"ஹாஸ்டல் மெஸ், கலை விழா, கட் அடித்துப் பார்த்த சினிமா இந்த மூன்றும் ஏற்கெனவே ஆளுக்கொன்றாக வந்து குவிந்துவிட்டது. வேற ஏதாவது எழுதுப்பா" என்று மலர்க் குழுவினர் கறாராகச் சொல்லிவிட்டார்கள். எனக்குத் தெரிந்த வேறு விஷயம் ஒன்றே ஒன்றுதான். பத்து வருஷத்துக்கு மேலாக கனரக வாகனப் பராமரிப்பில் குப்பை கொட்டிக்கொண்டிருக்கிறேன். ஆகவே, லாரிக்கு அடியில் தொங்கும் ஏர் டேங்கைப் பற்றி எழுதுகிறேன். சிரிக்காதீர்கள். அந்த உருளைக்குப் பின்னால் 150 வருஷத்துக்கும் மேற்பட்ட சரித்திரம் இருக்கிறது. ராஜா ராணி கிடையாது. ஆனால் உயிர்ச்சேதம் நிறைய உண்டு.

பஸ்ஸில் போகும்போது டிரைவர் பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் "புஸ்" என்று ஒரு சத்தம் கேட்கும் இல்லையா? அது வேலை முடித்துவிட்டு வெளியே போகிற காற்று. காரில் பிரேக் போடுவது எண்ணெய்; பெரிய வண்டியில் அந்த வேலையைச் செய்வது காற்று. இன்ஜின் ஓட்டத்தில் சுழலும் கம்ப்ரஸர் காற்றை அமுக்கி டேங்கில் சேர்த்து வைக்கிறது. டிரைவர் மிதிப்பது ஒரு வால்வை மட்டுமே. அது திறந்த அளவுக்கு டேங்கிலிருந்து காற்று சக்கரத்தருகே உள்ள பிரேக் சேம்பருக்குப் பாய்ந்து, டயஃப்ரத்தைத் தள்ளி, லைனரை டிரம்மோடு அழுத்துகிறது. இருபத்தைந்து டன் வண்டியை நிறுத்தும் பலம் டிரைவரின் காலில் இல்லை. அது டேங்கில் இருக்கிறது.

இந்த டேங்க் எப்படி வந்தது? ரயிலிலிருந்து வந்தது.

ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் என்ற அமெரிக்க இளைஞர் 1869 ஏப்ரல் 13ஆம் தேதி காற்று பிரேக்குக்கு காப்புரிமை வாங்கினார். அப்போது அவருக்கு வயது 22! (நாமெல்லாம் அந்த வயதில் அரியர் எழுதிக்கொண்டிருந்தோம்.) அதற்கு முன்னால் ரயிலை நிறுத்துவது எப்படி? இன்ஜின் டிரைவர் விசில் ஊதுவார். பிரேக்மேன்கள் பெட்டி பெட்டியாக ஓடி ஓடிக் கைச்சக்கரத்தைத் திருகி பிரேக்கை இறுக்குவார்கள். கூட்ஸ் வண்டியானால் அந்தச் சக்கரம் கூரைமேல். மழையிலும் பனியிலும் ஓடுகிற வண்டியின் கூரைமேல் ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்குத் தாவ வேண்டும். தவறி விழுந்து செத்தவர்களுக்கும், பெட்டிகளை இணைக்கும்போது விரல்களை இழந்தவர்களுக்கும் கணக்கே இல்லை.

வெஸ்டிங்ஹவுஸ் முதலில் சங்கிலி, நீராவி என்று ஏதேதோ யோசித்துப் பார்த்தாராம். அந்தச் சமயத்தில் ஒரு பத்திரிகையில் ஆல்ப்ஸ் மலையைக் குடைந்துகொண்டிருந்த மாண்ட் செனிஸ் சுரங்கத்தைப் பற்றிய கட்டுரை கண்ணில் பட்டது. அங்கே பாறையைத் துளைக்கும் இயந்திரங்களைக் காற்றால் ஓட்டினார்கள். வெளியே அமுக்கிய காற்று, வெகுதூரம் குழாயில் போயும் உள்ளே பாறையை உடைக்கிற பலத்தோடு இருந்தது. பாறையை உடைக்கும் காற்று ரயிலை நிறுத்தாதா? அவ்வளவுதான், பொறி தட்டிவிட்டது.

அவர் செய்த முதல் பிரேக்கில் டேங்க் ஒன்றே ஒன்றுதான். அது இன்ஜினில் இருந்தது. டிரைவர் குழாயைத் திறந்தால் காற்று நீளமான பைப் வழியே ஒவ்வொரு பெட்டிக்கும் போய் பிரேக் பிடிக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கடைசிப் பெட்டிக்குக் காற்று போய்ச் சேர நேரம் ஆகும். அதைவிடப் பெரிய ஆபத்து வேறு. நடுவில் ஓரிடத்தில் பைப் கழன்றாலோ, இணைப்பு அறுந்து ரயில் இரண்டாகப் பிரிந்தாலோ, பின்னால் நிற்கும் பெட்டிகளுக்கு பிரேக்கே கிடையாது. அதாவது பிரேக் அதிகம் தேவைப்படும் நேரத்தில்தான் அது இருக்காது!

1872இல் அவர் செய்த மாற்றம்தான் என் பார்வையில் உண்மையான கண்டுபிடிப்பு. காப்புரிமை வாங்கிய 1869ஐத்தான் புத்தகங்கள் கொண்டாடுகின்றன. நான் 1872க்குத்தான் மாலை போடுவேன். என்ன செய்தார்? டேங்கை இன்ஜினிலிருந்து இறக்கி ஒவ்வொரு பெட்டிக்கு அடியிலும் ஒன்று வைத்தார். நீளமான பைப்பில் எப்போதும் காற்றழுத்தம் இருக்கும். அந்த அழுத்தம் இருக்கும் வரை டேங்க் நிரம்பும், பிரேக் விடுபட்டிருக்கும். அழுத்தம் குறைந்தால், அதாவது டிரைவர் குறைத்தாலும் சரி, பைப் அறுந்தாலும் சரி, மூன்று வேலை செய்யும் ஒரு வால்வ் உடனே பெட்டியின் சொந்த டேங்கைத் திறந்துவிட்டு பிரேக்கைப் பிடிக்கும். காற்று போனால் வண்டி நிற்கும். தலைகீழ்த் தர்க்கம்!

இந்தத் தர்க்கத்தின் அருமையை உலகம் புரிந்துகொள்ள ஒரு விபத்து தேவைப்பட்டது. 1889 ஜூன் 12. அயர்லாந்தில் ஆர்மா என்ற ஊர். ஞாயிறு பள்ளிக் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு கடற்கரைக்குச் சுற்றுலா போன ரயில் ஒரு மேட்டில் ஏற முடியாமல் நின்றுவிட்டது. வண்டியை இரண்டாகப் பிரித்து, முன்பாதியை முதலில் கொண்டுபோய் விட்டுவிட்டு வரலாம் என்று முடிவு செய்தார்கள். அந்த ரயிலில் இருந்தது தானாகப் பிடிக்காத வாக்குவம் பிரேக். பெட்டிகளைப் பிரித்தவுடன் பின்பாதிக்கு பிரேக் போய்விட்டது. மிச்சம் இருந்தது கார்டின் கைபிரேக்கும், சக்கரத்துக்குப் பின்னால் வைத்த கற்களும்தான். முன்பாதி கிளம்பும்போது லேசாகப் பின்வாங்கி ஒரு தட்டு தட்டியது. கற்கள் நொறுங்கின. பெட்டிகள் சரிவில் வேகம் பிடித்துப் போய், பின்னால் வந்துகொண்டிருந்த ரயிலில் மோதின. சுமார் 80 பேர் இறந்தார்கள், பலர் குழந்தைகள். அதே வருஷம் பிரிட்டிஷ் பாராளுமன்றம், பயணிகள் ரயில்களில் தானாகப் பிடிக்கும் தொடர் பிரேக் கட்டாயம் என்று சட்டம் போட்டது. அமெரிக்காவிலும் அயோவா மாநிலத்து விவசாயி லோரன்சோ காஃபின் என்பவர் பிரேக்மேன்களுக்காக வருஷக்கணக்கில் ஊர் ஊராகப் பேசி, எழுதி, மன்றாடினார். 1893 மார்ச் 2ஆம் தேதி அங்கேயும் சட்டம் வந்தது.

சக்கரத்துக்குக் கல் வைப்பது பழைய கதை என்று நினைக்காதீர்கள். சேலம், நாமக்கல் பக்கம் லாரி மேட்டில் நின்றவுடன் கிளீனர் கட்டையோடு குதிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆர்மாவில் வைத்ததும் இதே நம்பிக்கையில்தான்.

ரயிலிலிருந்து லாரிக்கு வருவோம். முதல் உலகப் போருக்குப் பிறகு லாரிகள் பெரிதாகின, பின்னால் டிரெய்லர் மாட்டினார்கள், கால் பலத்தால் நிறுத்த முடியவில்லை. 1923 வாக்கில் ஜெர்மனியின் நார் பிரெம்ஸே நிறுவனம் லாரிகளுக்கான காற்று பிரேக்கைக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் 1930இல் பெண்டிக்ஸும் வெஸ்டிங்ஹவுஸும் சேர்ந்து மோட்டார் வாகன ஏர் பிரேக்குக்கென்றே ஒரு கம்பெனி தொடங்கின. ரயிலின் தர்க்கமும் ரயிலின் டேங்கும் ரோட்டுக்கு இறங்கின. கூடவே ரயிலின் தலைவலியும் இறங்கியது. அதுதான் தண்ணீர்.

டேங்கில் தண்ணீர் எங்கிருந்து வரும்? யாரும் ஊற்றுவதில்லை. காற்றோடு வருகிறது. ஒரு சின்னக் கணக்கு போடுவோம். 35 டிகிரி வெயிலில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் ஏறக்குறைய 40 கிராம் நீராவியைத் தாங்கும். ஈரப்பதம் 60 சதவீதம் என்றால் அதில் 24 கிராம் இருக்கிறது. இந்தக் காற்றை ஒன்பதில் ஒரு பங்காக அமுக்குகிறோம் (கேஜில் 8 கிலோ காட்டும் நிலை). மறுபடி 35 டிகிரிக்கு ஆறினால் அந்தச் சிறிய இடத்தில் நாலரை கிராமுக்குமேல் நீராவி நிற்காது. மிச்சம் 19 கிராமுக்கு மேல் தண்ணீராகக் கீழே இறங்கியே ஆக வேண்டும். கம்ப்ரஸர் ஒரு நாளில் பத்து கன மீட்டர் காற்றை உள்ளே தள்ளினால், கிட்டத்தட்ட ஒரு டம்ளர் தண்ணீர். வாரத்துக்கு ஒரு லிட்டருக்கு மேல். மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம்.

மெக்கானிக்கல்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும், நம் தெர்மல் லேபில் டூ ஸ்டேஜ் ஏர் கம்ப்ரஸர். வால்யூமெட்ரிக் எஃபிஷியன்சி கண்டுபிடிக்கும் எக்ஸ்பெரிமென்ட். நாம் கேஜையும் மானோமீட்டரையும் பார்த்துக்கொண்டு நிற்க, லேப் அண்ணன் மட்டும் ஆரம்பிப்பதற்கு முன் குனிந்து டேங்குக்கு அடியில் உள்ள திருகைத் திறந்து கொஞ்சம் தண்ணீரை வெளியே விடுவார். அது சிலபஸில் இல்லை, ரெக்கார்டு நோட்டில் இல்லை, வைவாவிலும் யாரும் கேட்டதில்லை. அந்தத் திருகுக்குப் பெயர் டிரெயின் காக். (ரயில் இல்லை ஐயா, வடிப்பது!) இந்தக் கட்டுரை முழுக்கவே அந்தத் திருகைப் பற்றித்தான்.

தண்ணீர் இருந்தால் என்ன கெட்டுப்போச்சு? பலரும் சொல்வது, துரு பிடிக்கும் என்று. பனி நாட்டுக்காரர்கள் சொல்வது, உறைந்து வால்வை அடைக்கும் என்று. இரண்டும் உண்மை. லே, மணாலி பக்கம் போகிற நம்ம ஊர் டிரைவர்களுக்கு இரண்டாவதும் தெரியும். ஆனால் சமவெளியில் ஓடும் வண்டிக்கு இன்னொரு ஆபத்து இருக்கிறது, அது பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. தண்ணீரை அமுக்க முடியாது. டேங்கில் தண்ணீர் பிடித்த இடம் காற்று இழந்த இடம்.

இதற்கும் ஒரு கணக்கு. அமெரிக்க விதி 121 என்று ஒன்று இருக்கிறது. 1975இல் நடைமுறைக்கு வந்தது. லாரியின் டேங்குகளின் மொத்தக் கொள்ளளவு பிரேக் சேம்பர்களின் மொத்தக் கொள்ளளவைப்போல் குறைந்தது 12 மடங்கு இருக்க வேண்டும் என்கிறது. ஒரு முழு மிதிக்கு ஒரு சேம்பர் அளவு காற்று செலவு. ஆக, கம்ப்ரஸர் புதுக் காற்று தராத நிலையில் ஒவ்வொரு மிதிக்கும் அழுத்தம் 13இல் 12 பங்காகக் குறையும். 8 கிலோவில் தொடங்கினால் எட்டு முழு மிதிக்குப் பிறகு 4.2 கிலோ. அதாவது 60 பி.எஸ்.ஐ. அதே விதி எச்சரிக்கை விளக்கு எரிய வேண்டும் என்று சொல்கிற எல்லையும் 60தான்! ஐரோப்பிய விதி 13ம் எட்டு முழு மிதிக்குப் பிறகும் அவசர பிரேக்குக்கு வேண்டிய அழுத்தம் மிச்சம் இருக்க வேண்டும் என்றே சொல்கிறது.

இப்போது மாதக்கணக்கில் வடிக்காமல் டேங்கில் பாதி தண்ணீர் என்று வையுங்கள். 12 மடங்கு 6 மடங்காகிவிட்டது. அதே எட்டு மிதிக்குப் பிறகு மிஞ்சுவது 2.3 கிலோ. 4.2க்குப் பக்கத்தில் இறங்க நாலு மிதியே போதும். கேஜ் மட்டும் காலையில் ஜம்மென்று 8 காட்டும். தண்ணீரின் மேலும் 8, காற்றின் மேலும் 8. கேஜுக்கு வித்தியாசம் தெரியாது. சொல்லப்போனால் தண்ணீர் இருந்தால் டேங்க் சீக்கிரமே நிரம்பும். "நம்ம வண்டி சட்டுன்னு ஏர் ஏறிடும் சார்" என்று டிரைவர் பெருமைப்படுவார். எனக்கு வயிற்றைக் கலக்கும்.

தர்மபுரியிலிருந்து சேலம் வருகிறவர்களுக்குத் தொப்பூர் கணவாய் தெரியும். அந்த இறக்கத்தில் நடந்த விபத்துகள் பத்திரிகை படிக்கிற எல்லோருக்கும் தெரியும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு இறங்கும் பழக்கம் அங்கே அடிக்கடி குற்றம் சாட்டப்படுகிறது. ஏன் ஆபத்து என்று எல்லோரும் சொல்வது, இன்ஜின் பிரேக்கிங் போய்விடும், டிரம் சூடேறிப் பிடிப்பு குறையும் என்பது. சரிதான். ஆனால் இன்னொன்றும் உண்டு. கம்ப்ரஸர் இன்ஜின் வேகத்தில் ஓடுகிறது. நியூட்ரலில் இன்ஜின் ஐட்லிங்கில் முனகுகிறது. கம்ப்ரஸரும் மெதுவாக மூச்சு விடுகிறது. டிரைவரோ மிதித்துக்கொண்டே வருகிறார். வரவு குறைவு, செலவு அதிகம். இன்ஜினையே ஆஃப் செய்துவிட்டால் வரவே இல்லை. டேங்கில் இருப்பதுதான் முழுச் சொத்து. அந்தச் சொத்தில் பாதி தண்ணீரா காற்றா என்பது அன்றைக்குத் தெரியும்.

நான் பார்த்த ஒரு டிப்பர் வண்டி. எந்த ஊர், எந்த முதலாளி என்பது வேண்டாம். "பிரேக் கொஞ்சம் லேட்டா பிடிக்குது" என்று கொண்டுவந்தார்கள். லைனர் மாற்றியிருந்தார்கள், ஸ்லாக் அட்ஜஸ்டர் மாற்றியிருந்தார்கள், வால்வ்கூட மாற்றியாயிற்று. சில ஆயிரங்கள் செலவு. டேங்குக்கு அடியில் டிரெயின் காக்கைத் தேடினேன். சேறு காய்ந்து கல்லாகி அதை மூடியிருந்தது. சுரண்டித் திறந்தபோது வந்தது பாதி வாளிக்கு மேல் காபி கலர் திரவம். அந்த காக் எத்தனை வருஷமாகத் திறக்கப்படவில்லை என்று வண்டியோடு வந்த பையனுக்கும் தெரியவில்லை. அப்படி ஒன்று இருப்பதே அவனுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

சரி, டேங்கே காலியானால்? அதற்குத்தான் ஸ்பிரிங் பிரேக். 1872இன் தலைகீழ்த் தர்க்கத்தை லாரிக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனார்கள். பின்சக்கர சேம்பருக்குள் பலமான ஒரு ஸ்பிரிங். காற்று அதை அமுக்கிப் பிடித்திருக்கும் வரை வண்டி ஓடும். அழுத்தம் 45க்கும் 20 பி.எஸ்.ஐ.க்கும் இடையே இறங்கினால் ஸ்பிரிங் விரிந்து தானே பிடித்துக்கொள்ளும். காற்று கசியும், ஸ்பிரிங் கசியாது. நிறுத்தி வைத்த வண்டியைக் காற்றை நம்பி விடக் கூடாது என்பதற்கு 2013 ஜூலை 6ஆம் தேதி கனடாவின் லாக் மெகாண்டிக் ஊர் சாட்சி. 72 டேங்கர் பெட்டிகளில் கச்சா எண்ணெயோடு சரிவில் நிறுத்தியிருந்த ரயில். இன்ஜினில் தீப்பிடிக்க, தீயணைப்புக்காரர்கள் அதை ஆஃப் செய்தார்கள். கம்ப்ரஸர் நின்றது, இன்ஜின்களின் பிரேக்கைப் பிடித்திருந்த காற்று மெல்ல மெல்லக் கசிந்தது, போட்டிருந்த ஏழு கைபிரேக்குகள் போதவில்லை. நள்ளிரவுக்குப் பின் ரயில் தானே உருண்டு ஊருக்குள் புகுந்து வெடித்தது. 47 பேர் இறந்தார்கள்.

லாரிக்கு ஸ்பிரிங் இருந்தாலும் நான் முழுக்க நிம்மதியாகிவிடுவதில்லை. இறக்கத்தில் முழு லோடோடு வருகிற வண்டிக்குப் பின்சக்கரம் திடீரென்று தானாகப் பிடித்துக்கொள்வது கடைசிக் கட்டம். அங்கே வரை போகவிடக் கூடாது.

அந்த அமெரிக்க விதி 121க்கு ஒரு சுவாரஸ்யமான கிளைக்கதை உண்டு. 1975இல் அது பூட்டிக்கொள்ளாத பிரேக்கையும், அதாவது இன்று நாம் ஏ.பி.எஸ். என்று சொல்வதையும் கேட்டது. அந்தக் காலத்து எலெக்ட்ரானிக்ஸ் தாங்கவில்லை, லாரி கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின, 1978இல் அந்தப் பகுதியைக் கோர்ட் செல்லாது என்றது. ஏ.பி.எஸ். அங்கே மீண்டும் கட்டாயமாக 1997 ஆயிற்று. ஆனால் அதே விதியில் ஒரு வரி யாரும் சண்டை போடாமல் நின்றது: ஒவ்வொரு டேங்கிலும் கையால் திறக்கக்கூடிய வடிகால் வால்வ் இருக்க வேண்டும். இருபது வருஷம் கம்ப்யூட்டருக்குக் காத்திருந்தார்கள், திருகுக்குக் காத்திருக்கவில்லை. அங்கே ஹெவி லைசென்ஸ் வாங்கப் படிக்கும் கையேட்டிலும் டேங்கை முழுவதும் வடிக்க வேண்டும், தானே வடிக்கும் வால்வ் இல்லையென்றால் அன்றன்றைய ஓட்டம் முடிந்ததும் டிரைவரே செய்ய வேண்டும் என்று அச்சிட்டிருக்கிறார்கள். நம் ஊரில் அதைச் சொல்லிக்கொடுத்தது கையேடு இல்லை. கிளீனருக்கு டிரைவர் சொன்னார்; கிளீனர் டிரைவரானபோது அடுத்த கிளீனருக்குச் சொன்னார்.

நம் ஊர் என்றதும் பாடியைச் சொல்லாமல் விட்டால் பாவம். 1962இல் சென்னையை அடுத்த பாடியில் சுந்தரம் கிளேட்டன் தொடங்கியது. இங்கிலாந்தில் லிங்கன் நகரத்து கிளேட்டன் டிவாண்டர் கம்பெனியின் கூட்டு. இந்திய லாரிகளுக்கும் பஸ்களுக்கும் கம்ப்ரஸர், வால்வ், சேம்பர் எல்லாம் அங்கிருந்து கிளம்பின. 1998இல் அதன் பிரேக் பிரிவுக்கு ஜப்பானின் டெமிங் விருது கிடைத்தது. பிற்காலத்தில் அந்தப் பிரிவு வாப்கோ என்ற பெயருக்கு மாறியது. வாப்கோ என்றால் என்ன? வெஸ்டிங்ஹவுஸ் ஏர் பிரேக் கம்பெனி என்பதன் முதலெழுத்துகள்! 22 வயதுப் பையன் பிட்ஸ்பர்க்கில் 1869இல் ஆரம்பித்த கம்பெனியின் பெயர் சுற்றிச் சுற்றி பாடிக்கே வந்து சேர்ந்தது. 2020இல் வாப்கோவை ஜெர்மனியின் இசட்.எஃப். வாங்கிவிட்டது. நம் கல்லூரியிலிருந்து அந்தப் பக்கம் வேலைக்குப் போனவர்கள் இதைப் படிக்கும்போது முறுவலிப்பார்கள் என்று நினைக்கிறேன்.

இன்றைய வண்டிகளில் ஏர் டிரையர் வந்துவிட்டது. புது ஷூ டப்பாவுக்குள் ஒரு சின்னப் பொட்டலம் இருக்குமே, ஈரம் உறிஞ்ச. அதே தத்துவம்தான், பெரிய டப்பாவில். கம்ப்ரஸருக்கும் டேங்குக்கும் நடுவே உட்கார்ந்து ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். டேங்க் நிரம்பியவுடன் கொஞ்சம் உலர்ந்த காற்றைப் பின்னோக்கி அனுப்பி, பிடித்த ஈரத்தை வெளியே துப்பிவிடும். நின்றுகொண்டிருக்கும் பஸ்ஸிலிருந்து யாரும் பிரேக்கைத் தொடாமலே திடீரென்று பெரிய "புஸ்ஸ்" வருமே, அதுதான் இது. அருமையான சாதனம். ஆனால் கம்ப்ரஸர் ரிங் தேய்ந்து எண்ணெய் மேலே வர ஆரம்பித்தால் உள்ளே இருக்கும் மணிகளின்மேல் எண்ணெய் பூசிக்கொள்ளும். அப்புறம் ஈரம் உறிஞ்சாது. கார்ட்ரிட்ஜைக் கம்பெனி சொன்ன காலத்தில் மாற்ற வேண்டும். டிரையர் செத்துப்போனாலும் டேஷ்போர்டில் சொல்ல ஆள் இல்லாத வண்டிகளே அதிகம். இதற்கிடையில் பல வண்டிகளில் கிளீனரும் இல்லை. டிரைவர் தனியாகத்தான் போகிறார். "டிரையர் இருக்கே சார், எதுக்கு வடிக்கணும்?" என்பதுதான் நான் அதிகம் கேட்கும் கேள்வி. டிரையர் உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான் தம்பி!

வடிக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன், ஒர்க்ஷாப் பக்கம் போகும் மாணவர்களுக்காக. சமதளத்தில் நிறுத்தி முதலில் சக்கரத்துக்குக் கட்டை. இதில் சமரசமே வேண்டாம். கம்ப்ரஸரிலிருந்து காற்று முதலில் வந்து சேரும் டேங்கிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஈரம் அதிகம் இறங்குவது அங்கேதான். முகத்தை நேரே கொண்டுபோகாதீர்கள், கண்ணாடி போடுங்கள். ரிங்கை ஒரு இழு இழுத்து "புஸ்" கேட்டதும் விட்டுவிடுகிற பழக்கம் பாதி வேலை. அடியில் உள்ள கெட்டிக் கசடு, அழுத்தம் எல்லாம் போன பிறகு மெதுவாக ஒழுகித்தான் வரும். கேஜ் பூஜ்யம் ஆகும்வரை விடுங்கள். ஒரே ஒரு இடத்தில் நிறுத்திப் பாருங்கள்: முதல் டேங்க் மட்டும் காலியானபோது மற்ற டேங்குகளின் கேஜ் அப்படியே நிற்க வேண்டும். அதுவும் சேர்ந்து இறங்கினால் நடுவில் உள்ள ஒருவழி வால்வ் போய்விட்டது. அந்த வண்டி கேட்டைத் தாண்டக் கூடாது.

வருகிற தண்ணீரைப் பார்க்காமல் மண்ணில் விடாதீர்கள், ஒரு டப்பாவில் பிடியுங்கள். ஒன்றுமே வரவில்லை, காற்று மட்டும் என்றால் டிரையர் வேலை செய்கிறது. தெளிந்த தண்ணீர் நிறைய வந்தால் கார்ட்ரிட்ஜ் முடிந்தது. மோர் மாதிரி வெளுத்து வந்தால் எண்ணெய் கலக்கிறது. கறுப்பாக, கையில் பிசுபிசுவென்று ஒட்டினால் கம்ப்ரஸரையே இறக்கிப் பார்க்க வேண்டும். வால்வ்களின் ரப்பரும் ஊற ஆரம்பித்திருக்கும். துருத் துகள் வந்தால் டேங்கின் உட்சுவர் அரிக்கிறது. வெளியே பெயின்ட் பளபளவென்றுதான் இருக்கும்.

எல்லாவற்றையும் மூடி, மறுபடி ஏர் ஏற்றி, இன்ஜினை ஆஃப் செய்து, பிரேக்கை விட்டு ஒரு நிமிஷம் கேஜைப் பாருங்கள். தனி வண்டியானால் 2 பி.எஸ்.ஐ.க்குமேல் இறங்கக் கூடாது. பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி இன்னொரு நிமிஷம். அப்போது 3 வரை பரவாயில்லை. மொத்தம் கால் மணி நேரம் ஆகும்.

அரித்துப்போன டேங்குக்கு வெல்டிங் வைத்துத் தரும் பட்டறைகள் நெடுஞ்சாலை ஓரத்தில் நிறைய. அந்த விதி 121, கம்ப்ரஸர் தரும் உச்ச அழுத்தத்தின் ஐந்து மடங்கையோ 500 பி.எஸ்.ஐ.யையோ, எது அதிகமோ அதைப் பத்து நிமிஷம் தாங்கிய டேங்கைத்தான் ஏற்கிறது. ஒட்டுப்போட்ட டேங்கை அப்படிச் சோதிக்கிற பட்டறையை நான் இன்னும் பார்க்கவில்லை. சுத்தியலால் தட்டி, சத்தத்தை வைத்தே "இன்னும் ரெண்டு வருஷம் தாங்கும்" என்று சொல்லும் பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் எனக்கு மரியாதை உண்டு. டேங்க் விஷயத்தில் மட்டும் நான் புதுசு வாங்கச் சொல்லிவிடுவேன்.